மூன்று ஏக்கர் முன்மாரி வயல்: புழுதியில் விதைப்பதா, மழைக்குக் காத்திருப்பதா?

வயலோரம் (வவுணதீவு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. இரண்டு ஏக்கர் வானத்தை மட்டும் நம்பிய முன்மாரிக் காணி. மற்ற ஒரு ஏக்கர் உன்னிச்சைக் குளத்து வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது; குளம் நிரம்பிய ஆண்டுகளில் அதில் கோடைகாலச் சிறுபோகமும் செய்திருக்கிறோம். இவ்வளவு காலமும் அப்பாவே எல்லாவற்றையும் பார்த்துவந்தார். முழங்கால் வருத்தத்தால் இனி வரம்பில் நடக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று உறவினர் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த வயல்தான் எங்களைப் படிக்க வைத்தது. என் பிள்ளைகளும் தங்கள் வயலில் விளைந்த சோற்றை உண்டு வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் நகரில் அலுவலக வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு தினங்களிலும் விடுமுறை நாட்களிலும் வயலில் நிற்கலாம். வீட்டில் அம்மாவும் மனைவியும் இருக்கிறார்கள். ஏழெட்டு மாடுகளும் உண்டு.

என் கேள்வி இதுதான். அப்பா ஆண்டுதோறும் புரட்டாதிக் கடைசியில், அதாவது ஒக்டோபர் நடுப்பகுதியில், புழுதியில் விதைத்துவிடுவார். மண் காய்ந்து கிடக்கும்போதே நெல்லை எறிந்து, மேலே ஒரு சால் உழுது மூடிவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பது அவருடைய வழக்கம். அயலில் உள்ளவர்களில் பலர் இப்போது அப்படிச் செய்வதில்லை. கார்த்திகை பிறந்து, நல்ல மழை விழுந்து, வயலில் தண்ணீர் கட்டிய பின்னரே சேறடித்து, முளை கட்டிய மூன்று மாத நெல்லை விதைக்கிறார்கள். புழுதி விதைப்பில் களை கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது என்பது அவர்களுடைய காரணம். அப்பாவோ, மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் வெள்ளத்தைத்தான் பார்ப்பான் என்கிறார். இரண்டு பக்கமும் அனுபவசாலிகள் என்பதால் யாருடைய சொல்லைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிழமையில் இரண்டு நாள் மட்டுமே வயலுக்குப் போகக்கூடிய ஒருவனுக்கு எந்த முறை பொருந்தும் என்பதையும், ஆண்டு முழுவதுக்குமான வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வட்டைக்காரன் (வெல்லாவெளி) பதில்:

தம்பி, குத்தகைக்குக் கொடுக்காமல் நீங்களே செய்ய நினைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புழுதியா, சேறா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. உங்கள் பயிர் எந்தக் கிழமையில் பூக்க வேண்டும், பெருவெள்ளம் வரக்கூடிய நாட்களில் அது எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. அதைத் தீர்மானித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வந்தால், விதைக்க வேண்டிய நாளும் விதைக்க வேண்டிய இனமும் கிடைத்துவிடும். மழை விழுந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுபவர்களே பெரும்பாலும் இடர்ப்படுகிறார்கள்.

நம்முடைய மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுக்குள் விழுந்து முடிகிறது. ஐப்பசியில் பிற்பகல் இடிமழை வரும். அது ஓரிடத்தில் பெய்து அடுத்த வட்டையில் (வயல்வெளியில்) பெய்யாமல் போகும். கார்த்திகை பிறந்ததிலிருந்து வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை நம் ஊரில் எவரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் இளம்பயிரை மூடியது. அதற்கு மாறாக, 2011 ஜனவரியில் வந்த வெள்ளம் கதிர் முற்றிக்கொண்டிருந்த வயல்களை மூழ்கடித்தது; அது வடிந்து மக்கள் மூச்சு விடுவதற்குள் பெப்ரவரியில் இன்னொரு வெள்ளமும் வந்தது. ஆகவே, நாம் இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில்தான் பயிரை நடத்திச் செல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் அப்பாவின் கணக்கைப் பாருங்கள். ஒக்டோபர் நடுவில் புழுதியில் விதைத்த நெல், மழை உடனே கிடைத்தால், நவம்பர் கடைசியில் ஏறக்குறைய நாற்பது நாள் பயிராக மட்டம் வெடித்து (பக்கத் தூர் விட்டு) முழங்கால் உயரத்துக்கு நிற்கும். வெள்ளம் வந்தாலும் இலை நுனி வெளியில் தெரியும். தண்ணீர் வடிந்ததும் மீண்டுவிடும். அயலவர்களின் முறைப்படி நவம்பர் நடுவில் சேற்றில் விதைத்தால், அதே வெள்ளம் வரும்போது பயிருக்குப் பத்து, பன்னிரண்டு நாட்களே ஆகியிருக்கும். அது மூழ்கி ஒரு வாரம் கிடந்தால் அழுகிப்போகும். ஓட்டமுள்ள இடமாக இருந்தால் முளையே அடித்துச் செல்லப்படும். பிறகு மறுவிதைப்புக்கு விதைநெல் தேடி அலைய வேண்டும். ஆனால் அவர்களுடைய முறையிலும் ஒரு நன்மை இருக்கிறது. நவம்பர் நடுவில் விதைத்த மூன்று மாத நெல் ஜனவரி நடுவில் பூத்து, பெப்ரவரி நடுவில் வெட்டுக்கு வரும். அடைமழையின் உச்சம் அதற்குள் கழிந்துவிடுவது வழக்கம்.

பூக்கும் காலத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெற்பூ காலை ஒன்பது மணிக்குப் பின்னர் நண்பகல் வரையில் சிறிது நேரமே திறந்திருக்கிறது. உமி இரண்டாக விரிந்து, வெள்ளை நூலில் தொங்கும் மகரந்தப்பை வெளியே வரும். தூள் கொட்டி முடிந்ததும் உமி மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் நாள்தோறும் மழை அடித்தால் தூள் கரைந்துபோகும்; கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர்தான் இருக்கும். ஆகவே, மூன்று மாத நெல்லான பி.ஜி. 300 போன்றவற்றை ஒக்டோபர் தொடக்கத்திலேயே புழுதியில் விதைப்பது பெருந்தவறு. அது டிசம்பர் தொடக்கத்தில் பூத்து, ஜனவரித் தொடக்கத்தில், வெட்டு மெசின் வயலுக்குள் இறங்க முடியாத ஈரத்தில் வெட்டுக்கு வந்து நிற்கும். முந்தி விதைப்பவர் மூன்றரை மாத நெல்லையே எடுக்க வேண்டும். ஏ.ரி. 362, பி.ஜி. 94-1, பி.ஜி. 352 போன்றவை அந்த வயதுக்குரியவை. ஒக்டோபர் நடுவில் விதைத்தால் ஜனவரி கடைசியை ஒட்டி வெட்டலாம்.

எனவே உங்கள் காணியில் எது பள்ளம், எது மேடு என்பதைப் பாருங்கள். தண்ணீர் தேங்கக்கூடிய பள்ளத்துக்கு அப்பாவின் முறையே சரி: முந்தி, புழுதியில், மூன்றரை மாத நெல். வெள்ளம் ஏறாத மேட்டு வயலில் அயலவர் முறைப்படி பின்னர் சேற்றில் மூன்று மாத நெல்லை விதைக்கலாம். ஒரே குடும்பத்தின் காணி என்பதற்காக எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை.

புழுதி விதைப்பில் கவனிக்க வேண்டியது ஈரம். மண் முற்றாகக் காய்ந்திருக்கும்போது விதைத்தால் நெல் அப்படியே பாதுகாப்பாகக் கிடக்கும். ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பின்னர் விதைத்தாலும் முளைத்துப் பிழைக்கும். மேல்மண் மட்டும் நனைந்த அரைகுறை ஈரத்தில் விதைத்தால், முளை வெளியே வந்து, அடுத்து வரும் வெயிலில் கருகிவிடும். ஐப்பசியின் முதல் தூறலைக் கண்டதும் விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. களையைப் பொறுத்தவரையில், புரட்டாதியில் விழும் ஒன்றிரண்டு மழையோடு முதல் உழவை முடித்து, களை முளைக்க இரண்டு கிழமை விட்டு, அதை அடுத்த உழவில் புரட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த முதல் உழவைச் சோம்பல் காரணமாகத் தவிர்க்கிறவர்களே, புழுதியில் களை அதிகம் என்று முறையிடுகிறார்கள்.

விதையின் அளவையும் மிதமாக வைத்திருங்கள். சேற்றுக்கு ஏக்கருக்கு இரண்டு புசல், புழுதிக்கு அதைவிடச் சற்று அதிகம் போதும். நெருக்கமாக விதைத்து யூரியாவையும் அள்ளி எறிந்தால், காற்றோட்டம் இல்லாத தூர்களில் சாறுறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியான் குடியேறும். வயலின் நடுவில் வட்டமாகப் பயிர் கருகத் தொடங்கிய பின்னர் மருந்தடிப்பதைவிட, கிழமைக்கு ஒரு நாளாவது பயிரை விலக்கித் தூரடியைப் பார்ப்பது நல்லது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.

கல்லாறு (சம்மாந்துறை) பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும். வெல்லாவெளி நானா சொன்ன பின்னோக்கிய கணக்கு முற்றிலும் சரியானது. ஆயினும் அதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீரில் இரண்டு போகமும் செய்கிறவர்கள்; எங்கள் வாப்பாமார் காலத்தில், 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பின்னர் உருவான பழக்கம் அது. தண்ணீர் இருப்பதால் நாங்கள் எப்போதும் விதைக்கலாம் என்று வெளியார் நினைப்பார்கள். உண்மையில் வட்டை முழுவதும் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடிக்காவிட்டால் எங்களுக்கும் இழப்புத்தான். ஒருவர் மட்டும் முந்தினால் கிளியும் குருவியும் முழுப் பட்டாளத்தோடு அவருடைய கதிரில்தான் இறங்கும். ஒருவர் மட்டும் பிந்தினால், மற்ற வயல்கள் வெட்டி முடிந்ததும் அங்கிருந்த பூச்சி எல்லாம் அவருடைய பச்சைப் பயிருக்கு வந்துவிடும். வெட்டு மெசினும் அவருக்காக மீண்டும் ஒருமுறை வராது. அவிழ்த்துவிட்ட மாடுகளும் வயலுக்குள் புகுந்துவிடும். ஆகவே பள்ளத்துக்கு ஒரு நாள், மேட்டுக்கு ஒரு நாள் என்று பிரிக்கும்போது அந்தந்தத் துண்டைச் சுற்றியுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். உங்கள் பள்ளத்து அயலவர்கள் எல்லோரும் பிந்தித்தான் விதைப்பார்கள் என்றால், அவர்களோடு இப்போதே பேச வேண்டும். தனியே முந்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

களை நெல்லையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இதைப் பன்றி நெல் என்பார்கள். சிறு பயிராக இருக்கும்போது நெல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. கதிர் வந்ததும் மற்றப் பயிரைவிட உயர்ந்து, முற்று முன்னரே மணி உதிர்ந்து, அடுத்த போகத்துக்கான விதையைத் தானே போட்டுவிடும். தண்ணீர் கட்டிய சேற்றைவிடப் புழுதியில் இது அதிகமாக எழும்பும். உங்கள் வயலில் அது ஏற்கனவே பரவியிருந்தால், ஓரிரு போகத்துக்கு அந்தத் துண்டைச் சேற்று விதைப்புக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வெட்டு மெசின் உங்கள் வயலுக்குள் இறங்குமுன், முந்திய வயலின் நெல் அதன் வயிற்றில் ஒட்டியிருக்காதபடி துப்புரவாக்கச் சொல்லுங்கள். களை நெல் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

குளத்து வாய்க்காலின் கடைசியில் உள்ள ஒரு ஏக்கரைப் பற்றி: சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு நீங்கள் நேரில் போக வேண்டும். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், எந்த நாளில் குளத்து மதகான துருசைத் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பவை எல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. உன்னிச்சைத் தண்ணீரில்தான் மட்டக்களப்பு நகருக்கான குடிநீரும் போகிறது என்பதால், வரட்சி ஆண்டில் வயலுக்கு இறுக்கமாகவே தருவார்கள். கடைமடைக்காரருக்கு முதல் தண்ணீர் வந்துசேர நாட்கள் எடுக்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிய பின்னர் வாய்க்கால் தண்ணீர் பாதி வழியிலேயே வற்றிவிடும். குளம் அரைகுறையாக இருக்கும் ஆண்டில் அந்த ஏக்கரில் நெல் வேண்டாம். பயறோ கௌபியோ போட்டால் நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் சிறு பங்கு போதும், மண்ணுக்கும் நல்லது.

வயலோரம் எழுதியது:

இருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. எங்கள் இரண்டு ஏக்கரில் தெற்குப் பக்கத் துண்டு தெளிவாகவே பள்ளம். வெள்ளக் காலத்தில் வரம்பே தெரியாது. வடக்குத் துண்டு மேடு. பள்ளத்தைச் சுற்றியுள்ளவர்களில் பெரும்பாலோர் முந்தி விதைக்கிறவர்கள் என்று அப்பா சொன்னார். பிந்தி விதைப்பவர்கள் எங்கள் மேட்டுப் பக்கத்து அயலவர்கள்தான். இதுவரை இந்த வேறுபாட்டை நான் கவனித்ததே இல்லை. களை நெல் மேட்டில் கொஞ்சம் உண்டு. இன்னும் ஒரு விடயம் கேட்க விரும்புகிறேன். விதைப்புக்கும் வெட்டுக்கும் கூலிக்கு ஆள் எடுக்கலாம். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் உள்ள பெண்கள் மேல் முழுச் சுமையும் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். மாடுகளை விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

முற்றத்து நெல் (தம்பிலுவில்) பதில்:

அண்ணா, உங்கள் அச்சம் நியாயமானதே. எங்கள் வீட்டிலும் கணவர் கிழமை நாட்களில் வெளியூரில் வேலை செய்கிறார். வயலையும் வீட்டையும் நானும் மாமியும் பார்த்துவருகிறோம். அதனால் நேரடியாகவே சொல்கிறேன். பெண்களுக்குப் பாரமாக இருப்பது வேலை மட்டுமல்ல. தீர்மானம் எடுக்கும் உரிமை இல்லாமல் வேலையை மட்டும் செய்வதுதான் அதிகம் பாரம். புதன்கிழமை வக்கடையை (வரம்பில் உள்ள நீர்வழியை) உடைத்துத் தண்ணீரை விட வேண்டியிருந்தால், சனிக்கிழமை நீங்கள் வரும்வரை உங்கள் மனைவி காத்திருக்கக்கூடாது. எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எந்த வக்கடை எங்கே வடிகிறது, பசளை எறிந்த பின்னர் எத்தனை நாள் தண்ணீரை மறிக்க வேண்டும் என்பவற்றை அப்பா வீட்டில் இருந்தபடியே அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கமநல சேவை நிலையத்திலும் கமக்காரர் அமைப்பிலும் உங்கள் மனைவியின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கூட்டத்தில் பேச வேண்டிய நாளில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். அவர் ஊரில் இருப்பார்.

பதிவு விடயத்தில் கவனமாக இருங்கள். விதைத்த ஏக்கர் அளவைக் குறித்த நாளுக்குள் கமநல சேவை நிலையத்தில் பதியாவிட்டால் உர மானியமும் கிடைக்காது, வெள்ளத்துக்குப் பின்னர் காப்புறுதி இழப்பீடும் கிடைக்காது. காணி அப்பாவின் பெயரில் இருந்து, செய்கிறவர் நீங்களாக இருந்தால், அதற்கான கடிதத்தை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். மழை தொடங்கிய பின்னர் அங்கே வரிசை நீண்டுவிடும்.

மாடுகளை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. முன்னர் மாரிகாலப் பெரும்போகம் தொடங்கியதும் ஊர் மாடுகள் எல்லாம் பட்டியாக மேய்ச்சல் தரைக்குப் போய், வெட்டு முடிந்த பின்னர் திரும்பிவரும். இப்போது மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டதால் பெரிய பட்டிக்காரர்களே திண்டாடுகிறார்கள். ஏழெட்டு மாடுகள் என்றால் அவற்றில் பால் தரும் மூன்று நான்கை மட்டும் வீட்டோடு கட்டி வளர்க்கலாம். விதைப்பிலிருந்து வெட்டு வரை வயல் ஒரு சதமும் தராது. செலவை மட்டுமே கேட்கும். அந்த நான்கு மாதமும் அரிசிக்கும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் எங்கள் வீட்டில் பால் காசுதான் கைகொடுக்கிறது. பால் காசு இல்லாத வீடுகளில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அதை மீட்பதற்காகத்தான் வெட்டிய அன்றே, களத்து வாசலில் லொறியோடு நிற்கும் வியாபாரிக்கு ஈரநெல்லாக, அவர் சொன்ன விலைக்கு அளந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீத ஈரத்துக்குக் காய்ந்த நெல்லையே உத்தரவாத விலைக்கு வாங்குகிறது. 2025 பெப்ரவரியில் அந்த விலை கிலோவுக்கு நாடு என்னும் நெல் வகை 120 ரூபாய், சம்பா 125 ரூபாய், கீரிச் சம்பா 132 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த விலையைப் பெற வேண்டுமானால் படங்கு (தார்ப்பாய்) விரித்து வெயிலில் போட்டு, மணிக்கொருமுறை காலால் கிளறி, மேகம் கறுத்தால் ஓடிவந்து குவிக்க ஆள் வேண்டும். தை மாதத்தில் வெயிலை நம்பவும் முடியாது. ஆகவே முழுவதையும் காயவைக்க முயலாதீர்கள். கடனுக்கும் கூலிக்கும் வேண்டிய அளவை ஈரமாகவே விற்றுவிட்டு, வீட்டுக்கும் விதைக்கும் உள்ளதை முதலில் காயவையுங்கள். மிகுதியை வெயிலைப் பார்த்துச் செய்யுங்கள். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோ அரிசி வேண்டும். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் அறுபத்தைந்து கிலோ அளவில்தான் அரிசி கிடைக்கும். இந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து நெல்லை ஒதுக்கிவிட்டால், மார்கழியில் கடைக்கு அரிசி வாங்கப் போக வேண்டிய நிலை வராது. காய்ந்ததா என்று அறிய ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். பல்லில் நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். சத்தத்தோடு உடைந்தால் சாக்கில் கட்டலாம்.

வைக்கோலை எரிக்க விடாதீர்கள். மாட்டுக்கு வேண்டியதை எடுத்து மிகுதியை வயலிலேயே பரப்பிவிட்டால், முதல் மழையில் அது மக்கி மண்ணோடு சேரும். 2021இல் இரசாயன உரம் கிடைக்காமல் எல்லோரும் தவித்த போகத்தில், ஆண்டுதோறும் வைக்கோலும் எருவும் இட்டுவந்த எங்கள் வீட்டோரத் துண்டு மற்றவற்றைவிட நன்றாக நின்றது. விளைச்சல் அங்கேயும் குறைந்தது என்பது உண்மை. ஆனால் போட்ட செலவு திரும்பக் கிடைத்தது.

களப்பணி (களுவாஞ்சிக்குடி) பதில்:

சுகாதாரத் துறையில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் சப்பாத்தோடு இருந்து, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் சேற்றில் இறங்குபவருடைய கால் எளிதில் வெடிக்கும், வெட்டுப்படும். பெரும்போகத்தில் எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர் அந்தக் காயங்கள் வழியாக உடம்புக்குள் போவதால்தான். விதைப்புத் தொடங்குமுன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருவார்கள். மனைவியும் வயலில் இறங்குவாரானால் அவருக்கும் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அந்த மாத்திரை பொருந்துமா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண்சிவப்பும் இருந்தால், வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வட்டைக்காரன் (வெல்லாவெளி) பதில்:

தங்கச்சி சொன்ன வக்கடை விடயத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வெள்ளம் வடிந்த பின்னர் செய்ய வேண்டியதையும் உங்கள் மனைவிக்குச் சொல்லிவையுங்கள். தண்ணீர் இறங்கியதும் பயிர் மஞ்சளாகத் தெரியும். அதைக் கண்டு உடனே யூரியா எறியக்கூடாது. புதிய இலை ஒன்று வெளியே வரும்வரை பொறுத்து, அதன் பின்னரே பசளை இட வேண்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படாதவரை வாவியோரத்துப் பள்ளக் காணிகளில் தண்ணீர் இறங்காது என்பதால், உங்கள் தெற்குத் துண்டின் வடிகால் எந்தத் தோணாவில் (வடிகால் ஓடையில்) போய்ச் சேருகிறது என்பதையும், அது சல்வீனியா என்ற நீர்க்களையாலும் புல்லாலும் அடைபட்டிருக்கிறதா என்பதையும் புரட்டாதிக்குள் நடந்து பாருங்கள். வட்டையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு நாள் சிரமதானம் செய்தால் அது முடிந்துவிடும்.

விதைநெல்லின் முளைதிறனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கடந்த போகத்து நெல்லை அப்பா விதைக்காக எடுத்து வைத்திருந்தால், விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் நூறு மணியை எண்ணி எடுத்து, நனைத்த சாக்குத் துணியில் சுற்றி, நிழலில் ஐந்தாறு நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் அதையே விதைக்கலாம். குறைந்தால் விதையைக் கூட்டி எறிந்து ஈடுசெய்ய நினைக்காமல், சான்றளிக்கப்பட்ட விதைநெல்லுக்கு விவசாயப் போதனாசிரியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மேட்டுத் துண்டில் களை நெல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துண்டிலிருந்து எடுத்த நெல்லை எந்த நிலையிலும் விதைக்கு எடுக்க வேண்டாம்.